பேக்கேமன் தொடக்க நகர்வுகளைச் சுருக்கமாக எழுதுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: நண்பருடன் பேக்கேமன் (இருவர் பகடை உருட்டிக் காய்களை நகர்த்தும் பலகை ஆட்டம்) விளையாடும்போது முதல் சில நகர்வுகளை ஆட்டத்தை நிறுத்தாமல் குறித்துக்கொள்ள வேண்டும்; எங்கோ '41எஸ்-55ஏ' என்ற மாதிரி எழுதியிருந்ததைப் பார்த்தீர்கள்; அதுதான் அதிகாரபூர்வக் குறிப்பு முறையா, அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஆட்டத்தைப் பதிவு செய்வது ஒன்று. தொடக்க நகர்வுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இன்னொன்று. நீங்கள் பார்த்தது இரண்டாவது வேலைக்கு உருவான முறை. முதல் வேலைக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்றாவது நகர்விலேயே சிக்கிக்கொள்வீர்கள். பல வருடங்களாக ஆட்டங்களை எழுதிவைத்துப் பிறகு கணினியில் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் எண் முறை. புத்தகங்களும் நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்துவது இதைத்தான், எனவே 'அதிகாரபூர்வம்' என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். பலகையில் 24 புள்ளிகள், அதாவது காய்கள் நிற்கும் முக்கோண இடங்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்: காய்களை வெளியேற்றும் முனைக்கு அருகில் இருப்பது 1, எதிராளியின் வீட்டுக்குள் (அவருடைய 1 முதல் 6 வரையான புள்ளிகள்) கடைசியில் இருப்பது 24. ஆக ஒரே இடத்துக்கு இரண்டு எண்கள், இரண்டையும் கூட்டினால் எப்போதும் 25. என் 5-ம் புள்ளி எதிராளிக்கு 20-ம் புள்ளி. ஆட்டம் தொடங்கும்போது எனக்கு 24-ல் இரண்டு காய்கள், 13-ல் ஐந்து, 8-ல் மூன்று, 6-ல் ஐந்து. எதிராளிக்கும் அவர் பக்கத்திலிருந்து எண்ணினால் இதே கணக்கு. அதனால் கறுப்பா வெள்ளையா, பலகை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற பேச்சே வராது. சுருக்கெழுத்து சாத்தியமாவதும் இந்தச் சமச்சீரால்தான்.

பகடையில் பெரிய எண்ணை முதலில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, ஒவ்வொரு காயும் எங்கிருந்து எங்கே போனது என்பதைச் சாய்கோட்டால் பிரித்து எழுதுவார்கள். '31: 8/5 6/5' என்றால் 3-க்கு 8-லிருந்து 5-க்கு ஒரு காய், 1-க்கு 6-லிருந்து 5-க்கு ஒரு காய். தனியாக நிற்கும் எதிராளியின் காய்மேல் இறங்கி அதை வெட்டினால், வந்து சேர்ந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஒரே காய் இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டால் இடையில் நின்ற இடத்தை எழுத வேண்டாம், '64: 24/14' போதும். இடையில் யாரையாவது வெட்டிவிட்டுப் போயிருந்தால் மட்டும் அந்த இடத்தையும் எழுத வேண்டும்: 24/20*/16. இரட்டை எண் விழும்போது ஒரே நகர்வை எத்தனை காய்கள் செய்தன என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள்: '44: 24/20(2) 13/9(2)'. வெட்டுப்பட்ட காய் பலகையின் நடுத் தடுப்பான பாரிலிருந்து மீண்டும் உள்ளே வரும்போது 'பார்/20', காயை வெளியேற்றும்போது '6/ஆஃப்'. கணினிக் கோப்புகள் சிலவற்றில் பாருக்கு 25, வெளியே போனதற்கு 0 என்று எண்களாகவே இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இவ்வளவுதான் எண் முறை. ஒரு மாலையில் கைக்கு வந்துவிடும்.

பகடை எண்ணை எழுதாமல் நகர்வை மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. நகர்விலிருந்தே பகடையைக் கண்டுபிடித்துவிடலாமே என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் முடியும், ஆனால் எப்போதும் இல்லை. '24/16' என்று மட்டும் இருந்தால் விழுந்தது 62-ஆ 53-ஆ? இரண்டிலும் போகலாம். 62-ல் அது பலர் ஆடும் நகர்வு, 53-ல் அப்படி ஓடுவது ஒரு நல்ல புள்ளியைக் கைவிடுவது. பிறகு உட்கார்ந்து தவறைத் தேடும்போது இந்த வித்தியாசம்தான் எல்லாமே. பகடையை எழுதுங்கள், நகர்வு கைதவறிப் போனாலும் பகடையும் அடுத்த நிலையும் இருந்தால் மீட்டெடுக்கலாம்.

சரி, இப்போது அந்த எழுத்துகள். இந்த முறைக்கு நேக்டேஷன் என்று பெயர். அமெரிக்க ஆட்டக்காரர் நேக் பல்லார்ட் உருவாக்கியது, அவர் பெயரிலிருந்தே வந்தது. பகடை எண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு ரோமன் எழுத்து. அந்த எழுத்து நகர்வின் நோக்கத்தைச் சொல்கிறது. (எழுத்துகளை நான் இங்கே ஒலித்துத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் தாளில் ரோமன் எழுத்தாகவே போட்டுக்கொள்ளுங்கள்.) பி என்றால் புதிய புள்ளி கட்டுவது, அதாவது எதிராளி இறங்க முடியாதபடி இரண்டு காய்களை ஒரே இடத்தில் சேர்ப்பது. எஸ் என்றால் 24-ல் இருக்கும் பின்காய்கள் இரண்டையும் பிரிப்பது. டி என்றால் 13-லிருந்து இரண்டு காய்களைக் கீழே இறக்குவது. ஆர் என்றால் ஒரு பின்காய் இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு ஓடுவது. டாலர் குறி '$' என்றால் வீட்டுக்குள் ஒரு நல்ல புள்ளியில் தனிக்காயைத் துணிந்து வைத்து, அடுத்த முறை அதை மூடப் பார்ப்பது. எஸ் பிரிப்பதற்குப் போய்விட்டதால், குறுக்கே கோடு போட்ட எஸ் மாதிரி இருக்கும் டாலர் இதற்கு வந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நகர்வுகளைச் சிறு கோட்டால் இணைப்பார்கள்.

ஒரு எழுத்து எப்படி முழு நகர்வையும் சொல்லிவிடும் என்று சந்தேகம் வருவது நியாயம். பலர் இதை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள், அது தேவையே இல்லை. தொடக்க நிலையின் அமைப்பே பெரும்பாலான குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. அதை ஒருமுறை பலகையில் வைத்துப் பார்த்தால் போதும்.

தொடக்க எறிதலில் இரட்டை எண் கிடையாது. ஆளுக்கு ஒரு பகடை உருட்டுகிறார்கள், சமமாக விழுந்தால் மறுபடி உருட்டுகிறார்கள், பெரிய எண் விழுந்தவர் அந்த இரண்டு எண்களையும் கொண்டு தொடங்குகிறார். ஆகவே சாத்தியமான தொடக்கங்கள் 15 மட்டுமே. இதில் புதிய புள்ளி எப்போது கட்ட முடியும்? இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்பும் காய்கள் ஒரே இடத்தில் சேர வேண்டும். 8-க்கும் 6-க்கும் இடைவெளி 2, எனவே பகடை எண்களின் வித்தியாசம் 2 ஆக இருந்தால் சேரும்: 31-ல் 5-ம் புள்ளி, 42-ல் 4-ம் புள்ளி, 53-ல் 3-ம் புள்ளி, 64-ல் 2-ம் புள்ளி. 13-க்கும் 8-க்கும் இடைவெளி 5, எனவே வித்தியாசம் 5 ஆக இருக்கும் ஒரே எறிதலான 61-ல் 7-ம் புள்ளி. 13-க்கும் 6-க்கும் இடைவெளி 7, அவ்வளவு வித்தியாசம் பகடையில் வராது. ஆகவே தொடக்கத்தில் பி என்று எழுதக்கூடியவை ஐந்தே எறிதல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழி. '61பி' என்று பார்த்தால் 13/7 8/7 தவிர வேறெதுவும் இருக்க முடியாது. இதில் 64பி மட்டும் கொஞ்சம் விவாதத்துக்குரியது. மற்ற நான்கையும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எஸ் இன்னும் சுவாரசியம். பின்காய்களில் ஒன்று ஒரு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், மற்ற எண் 13-லிருந்து வரவேண்டும். எந்த எண் எதற்கு? 1 விழுந்திருந்தால் 13-லிருந்து 12-க்குப் போக முடியாது, என் 12-தான் எதிராளியின் 13, அங்கே அவருக்கு ஐந்து காய்கள். எனவே 1 பின்காய்க்குத்தான். 21எஸ் என்றால் 24/23 13/11, 41எஸ் என்றால் 24/23 13/9, 51எஸ் என்றால் 24/23 13/8. 5 விழுந்திருந்தால் இதற்கு நேர் எதிர்: 24-லிருந்து 19-க்குப் போக முடியாது, அது எதிராளியின் 6-ம் புள்ளி. ஆகவே 5 எப்போதும் 13/8, பிரிப்பதற்கு மற்ற எண்: 52எஸ் என்றால் 24/22 13/8, 54எஸ் என்றால் 24/20 13/8. எதிராளியின் இரண்டு கோட்டைகளும் சேர்ந்து நமக்காகக் குழப்பத்தைத் தீர்த்துவைக்கின்றன.

6 விழும்போது எந்தத் தடையும் இல்லை, ஆனால் நடைமுறை தீர்த்துவைக்கிறது. 13/7 என்று ஒரு தனிக்காயை எதிராளியின் பின்காய்களுக்கு நேர் எதிரில் இறக்கிவிட்டு, கூடவே பின்காய்களையும் பிரிப்பதை யாரும் ஆடுவதில்லை. எனவே 6 பின்காய்க்கு: 62எஸ் என்றால் 24/18 13/11, 63எஸ் என்றால் 24/18 13/10, 64எஸ் என்றால் 24/18 13/9. மிச்சமிருப்பது 32-ம் 43-ம். இந்த இரண்டில்தான் எந்த எண்ணால் பிரித்தாலும் உருப்படியான நகர்வு வருகிறது: 32-ல் 24/21 13/11, அல்லது 24/22 13/10, 43-ல் 24/20 13/10, அல்லது 24/21 13/9. (42-லும் இரண்டு வழி உண்டு, ஆனால் அங்கே புள்ளி கட்டுவதை விட்டுவிட்டு யார் பிரிக்கப் போகிறார்கள்?) ஒரே எழுத்து இரண்டுக்கும் போதாது, எனவே நேக்டேஷன் இங்கே இசட் போன்ற கூடுதல் எழுத்துகளைக் கொண்டுவருகிறது. என் ஆலோசனை: இந்த இரண்டு எறிதல்களிலும் பிரித்தால் எழுத்தை நம்பாமல் எண் முறையில் முழுதாக எழுதிவிடுங்கள். ஐந்தாறு எழுத்து அதிகம் எழுதுவதில் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு பேர் வேறுவேறு நகர்வை மனதில் வைத்துக்கொண்டு ஒரே குறியைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவதை விட அது மேல்.

டி-யில் சிக்கல் கிடையாது. இரண்டு காய்களும் 13-லிருந்துதான், எந்த எண் எதற்கு என்ற கேள்வியே இல்லை: 32டி என்றால் 13/11 13/10, 43டி என்றால் 13/10 13/9, 52டி என்றால் 13/11 13/8. 1 விழுந்தால் டி இல்லவே இல்லை, காரணம் மேலே சொன்ன அதே 12. ஆர் அதைவிட எளிது: 62ஆர் என்றால் 24/16, 63ஆர் என்றால் 24/15, 64ஆர் என்றால் 24/14, 65ஆர் என்றால் 24/13. கடைசியானது பின்காயை நேராக 13-ல் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் 65-க்கு வேறு நகர்வைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. டாலர் குறிக்கு 1 உள்ள எறிதல்களில் 6/5-ம் மிச்ச எண் 13-லிருந்தும்: 21$ என்றால் 13/11 6/5, 41$ என்றால் 13/9 6/5, 51$ என்றால் 13/8 6/5. 62$ என்பது ஒரே காய் 13/5.

இந்தச் சுருக்கெழுத்து எதற்காக உருவானது என்பது 21, 41, 51 மூன்றையும் பார்த்தால் விளங்கும். 1970-களிலும் 80-களிலும் இந்த மூன்றுக்கும் 5-ம் புள்ளியில் தனிக்காய் வைப்பதுதான் தேர்ந்தவர்களின் வழக்கம். 1990-களின் தொடக்கத்தில் ஐபிஎம்-இல் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல், தனக்குத்தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டு, பின்காய்களைப் பிரிப்பதைத் தேர்ந்தெடுத்தது. 41-ல் 24/23 13/9 ஆடுவது அதிலிருந்துதான் பரவலானது. மனிதர்கள் திரும்பச் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். இன்று 41-க்கும் 51-க்கும் எஸ் முன்னால் நிற்கிறது. 21-ல் $-க்கும் எஸ்-க்கும் இடையே நூலிழைதான் வித்தியாசம், ஆட்ட நிலவரத்தைப் பொறுத்து இரண்டும் சரி. இப்படி ஒரே எறிதலுக்கு இரண்டு மூன்று நகர்வுகளை ஆயிரக்கணக்கான ஆட்டங்களாக ஓட்டி ஒப்பிடும்போது '24/23 13/9' என்பதைத் திரும்பத் திரும்ப எழுதுவது சலிப்பு. 41எஸ், 41$ என்றால் வேலை முடிந்தது. பேச்சிலும் அப்படியே வரும்.

இரண்டாவது நகர்வுக்கு வருவோம், இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பதில் சொல்பவருக்கு இரட்டை எண்களும் சேர்த்து 21 விதமான எறிதல்கள், எதிரில் நிற்பதும் தொடக்க நிலை அல்ல. புதிய எழுத்துகள் வருகின்றன: வெட்டுவதற்கு எச், பின்காய்களைத் தாக்குவதற்கு ஏ. நீங்கள் பார்த்த 41எஸ்-55ஏ-ஐ விரித்தால், முதல் ஆள் 24/23 13/9. அடுத்தவருக்கு 55 விழ, 8/3(2) 6/1*(2). முதல் ஆளின் 24-ல் நின்ற தனிக்காய் எதிராளியின் 1-ம் புள்ளியில் இருக்கிறது, அதை வெட்டி அங்கேயே புள்ளி கட்டுகிறார். 41-ல் முதல் ஆள் பிரித்திருக்காவிட்டால் அந்த 1-ம் புள்ளியில் இரண்டு காய்கள் நின்றிருக்கும், இந்த நகர்வே நடந்திருக்காது. பதிலுக்கான எழுத்தின் பொருள் முன்னால் என்ன நடந்தது என்பதைச் சார்ந்திருக்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும். தனியே '55ஏ' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்தால் நட்சத்திரக் குறி உண்டா இல்லையா என்பதே தெரியாது.

இன்னொரு நகர்வு தள்ளிப் பார்த்தால் எழுத்து கைவிட்டேவிடும். 31பி-64ஆர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் 8/5 6/5 ஆடி 5-ம் புள்ளியைக் கட்டினார். அடுத்தவர் 24/14 ஓடினார் (4-ஐ முதலில் எடுத்தால் கட்டிய புள்ளியில் முட்டும், எனவே 18 வழியாக, ஆனால் குறிப்பில் அதை எழுதத் தேவையில்லை). ஓடிய காய் இப்போது முதல் ஆளின் 11-ம் புள்ளியில் தனியாக, துணையிழந்த இன்னொன்று அவருடைய 1-ம் புள்ளியில் தனியாக. முதல் ஆளுக்கு 52 விழுகிறது. 2-ஐக் கொண்டு 13/11* வெட்டலாம். 5-ஐ என்ன செய்வது? 13/8 என்று பத்திரமாக இறக்கலாம். வெட்டிய காயையே தொடர்ந்து 13/11*/6 என்று உள்ளே கொண்டுபோகலாம். அல்லது 6/1* என்று இன்னொன்றையும் வெட்டலாம். மூன்றும் வெட்டுதான். '52எச்' என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்த வாரம் அதைப் படிக்கும்போது எது நடந்தது என்று யாருக்குத் தெரியும்? முழு நேக்டேஷன் முறை இதற்கெல்லாம் முன்னுரிமை விதிகளும் கூடுதல் எழுத்துகளும் வைத்திருக்கிறது. தொடக்க ஆராய்ச்சியில் மூழ்கியிருப்பவர்களுக்கு அது பயன்படும். நான் பயன்படுத்துவது மேலே சொன்ன ஏழெட்டுக் குறிகளை மட்டுமே, எனவே மீதி எழுத்துகளுக்கு என்னை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், உருவாக்கியவரின் விளக்கத்தையே பாருங்கள்.

ஆகவே என் பழக்கம் இப்படி: முதல் நகர்வுக்கு எழுத்து, 32-ம் 43-ம் பிரியும்போது மட்டும் எண். இரண்டாவது நகர்வு புள்ளி கட்டுவதாகவோ ஓடுவதாகவோ இருந்து, வெட்டு எதுவும் நடக்கவில்லை என்றால் எழுத்து. வெட்டு நடந்தால் நட்சத்திரத்தோடு எண். மூன்றாவதிலிருந்து எண் முறை மட்டும். தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தொடங்கியவர், வலப்பக்கம் அடுத்தவர் என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு சுற்று. வெட்டுப்பட்டு உள்ளே நுழைய முடியாமல் போனால் பகடையை எழுதிவிட்டு ஒரு கோடு. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் எழுத மறந்ததா, நகர முடியவில்லையா என்று பிறகு தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எழுதத் தொடங்கியதும் தேவைப்படும்: எழுதியது சரியா என்று ஆட்டத்தின் நடுவிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் காய்களை வெளியேற்ற இன்னும் நகர்த்த வேண்டிய மொத்தம் 167 (24-ல் இரண்டு 48, 13-ல் ஐந்து 65, 8-ல் மூன்று 24, 6-ல் ஐந்து 30). ஒவ்வொரு எறிதலிலும் நகர்த்திய தூரம் குறையும், வெட்டுப்பட்டால் அந்தக் காய் கடந்துவந்த தூரம் கூடும். மேலே சொன்ன ஆட்டத்தில் 31-க்குப் பிறகு முதல் ஆள் 163, 64-க்குப் பிறகு அடுத்தவர் 157. 52-ல் வெட்டியதும் முதல் ஆள் 156. அடுத்தவரின் 14-ல் நின்ற காய் 25-க்குப் போவதால் 11 கூடி 168. இரண்டாவது காயையும் வெட்டியிருந்தால் 169. பலகையில் எண்ணிப் பார்த்து இந்தத் தொகை வராவிட்டால் தாளில் எங்கோ ஒரு நகர்வு தவறு. ஒவ்வொரு சுற்றிலும் இதைச் செய்ய வேண்டாம், பைத்தியம் பிடித்துவிடும். யாராவது தேநீர் குடிக்க எழுந்திருக்கும்போது ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்னொரு நடைமுறைக் காரணத்துக்காகவும் எண் முறையை விடக்கூடாது. ஆட்டத்தைப் பிறகு எக்ஸ்ட்ரீம் கேமன், ஜிஎன்யூ பேக்கேமன் போன்ற நிரல்களில் ஏற்றி அலசப் போகிறீர்கள் என்றால், அவை வாங்கும் உரைக்கோப்புகளில் பகடை, முக்காற்புள்ளி, சாய்கோடு என்ற வடிவம்தான். தாளில் அப்படியே இருந்தால் தட்டச்சு செய்வது வெறும் நகலெடுப்பு. எழுத்துகளாக இருந்தால் ஒவ்வொன்றையும் மனதில் விரித்துத் தட்ட வேண்டும், தவறுகள் நுழைவது அங்கேதான். ஆட்டம் முழுவதும் வேண்டாம், ஒரே ஒரு சிக்கலான நிலையைத்தான் காட்ட வேண்டும் என்றால் நகர்வுகளை எழுதுவதை விட, நிரல் தரும் நிலை அடையாளத்தை நகலெடுத்து வையுங்கள். ஜிஎன்யூ நிரலில் காய்களின் இருப்பு முழுவதும் 14 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. மனிதரால் படிக்க முடியாது, ஆனால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அதே பலகை திரும்ப வரும்.

ரோமன் எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகளை வைத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்கள் இருவருக்குள் மட்டும் என்றால் தாராளமாக. தாளின் மேல் ஓரத்தில் எந்த எழுத்துக்கு எந்த நகர்வு என்று எழுதிவைத்தால் சரி. வெளியே யாரிடமாவது காட்டிக் கருத்துக் கேட்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

டபுளிங் க்யூபை (ஆட்டத்தின் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டை) மறந்துவிடாதீர்கள். அதை எழுத எந்தச் சுருக்கமும் தேவையில்லை: யார் எத்தனைக்கு உயர்த்தினார், மற்றவர் ஏற்றாரா விலகினாரா என்று பகடை உருட்டுவதற்கு முன்னால், தனி வரியில். தொடக்க எறிதலை இருவரும் சேர்ந்தே உருட்டுவதால் தொடங்குபவருக்கு அதற்கு முன் உயர்த்த வழியில்லை. இரண்டாவது ஆள் தன் முதல் எறிதலுக்கு முன்னால் உயர்த்தலாம். ஆகவே வலப்பக்கத்து முதல் வரிக்கு மேலே ஒரு சின்ன இடம் விட்டு எழுதத் தொடங்குங்கள்.